பெரிய பேட்டரிக்குப் பயந்து வண்டியை விற்காதீர்கள்

அன்புள்ள அண்ணன்மாரே, அக்காமாரே, தம்பி தங்கைகளே,

சிட்னியில் டூங்காபி, வெஸ்ட்மீட், பெண்டில் ஹில் பக்கம் குடியிருப்பவர்களுக்கும், மெல்போர்னில் டாண்டினாங், கிளென் வேவர்லி, டார்னீட் பக்கம் இருப்பவர்களுக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். உங்களில் ஹைபிரிட் சொகுசு எஸ்யூவி வைத்திருப்பவர்கள் உண்டு. அடுத்த வருடம் வாங்கலாம் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருப்பவர்களும் உண்டு. வைத்திருப்பவர்களிடம்தான் எனக்கு முதல் வழக்கு.

மேஸ் ஹில் முருகன் கோயில் கார் பார்க்கில் புது வண்டிக்குப் பூசை நடப்பதைப் பார்த்திருப்பீர்கள். பானெட்டில் சந்தனம், குங்குமம், ஒரு மாலை. நாலு டயருக்கும் கீழே எலுமிச்சம்பழம். நம்பர் பிளேட்டின் ஓரத்தில், மின் மோட்டார் உள்ள வண்டி என்று காட்டும் நீல முக்கோண ஸ்டிக்கர். வண்டி சத்தமே போடாமல் நகர்ந்து பழத்தை நசுக்கும். பக்கத்தில் நிற்கிற பெரியவர் ஒருவர், "இன்னும் ஸ்டார்ட் பண்ணலையா?" என்று கேட்பார். இதிலெல்லாம் எனக்கு ஒரு குறையும் இல்லை. உழைத்துச் சம்பாதித்த காசு, உங்கள் ஆசை.

ஆனால் ஐந்தாவது வருடத்தில் ஒரு கூத்து நடக்கிறது. நோவேட்டட் லீஸ் (சம்பளத்திலிருந்து தவணை கழிக்கிற கார் லீஸ்) முடியும், அல்லது வாரண்டி முடியும். யாரோ ஒருவர் வீட்டுப் பிறந்தநாளில், பார்பெக்யூ அடுப்பைச் சுற்றி நிற்கும் கூட்டத்தில் ஒரு குரல் எழும்: "மச்சான், பெரிய பேட்டரி போனா பத்தாயிரம் டாலர்டா. இப்பவே தள்ளிவிட்டுடு." அடுத்த மாதமே, நன்றாக ஓடிக்கொண்டிருந்த வண்டி டீலரிடம் போய்விடும், அவர் சொன்ன விலைக்கு. வீட்டு வாசலுக்கு இன்னொரு புது வண்டியும், இன்னொரு ஐந்து வருடக் கடனும் வந்து சேரும்.

இந்தப் பழக்கத்தை விடுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல். மாற்றாதீர்கள், வைத்துக்கொள்ளுங்கள். பத்து வருடம், பன்னிரண்டு வருடம் ஓட்டுங்கள்.

முதலில் அந்தப் பத்தாயிரம் டாலரைப் பார்ப்போம். புது வண்டி எடுத்தால் கட்ட வேண்டிய சொகுசு கார் வரி இந்த நாட்டில் 2000 ஜூலை 1 முதல் இருக்கிறது. அப்போது 25 சதவீதம், 2008இலிருந்து 33 சதவீதம், வரம்பைத் தாண்டிய பகுதிக்கு மட்டும். 2025-26 நிதியாண்டில் சாதாரண வண்டிக்கு வரம்பு 80,567 டாலர். எரிபொருள் சிக்கனமான வண்டிக்கு 91,387 டாலர். நம்மவர்கள் பலர் இன்னும் இந்த இரண்டாவது வரம்பை நம்பிக்கொண்டிருக்கிறார்கள். 100 கிலோமீட்டருக்கு 7 லிட்டருக்குள் இருந்தால் போதும் என்று இருந்த காலத்தில் அது சரி. 2025 ஜூலை 1 முதல் அந்த அளவு 3.5 லிட்டர் ஆகிவிட்டது. லெக்சஸ் ஆர்எக்ஸ் 350எச் போன்ற, சுவரில் செருகிச் சார்ஜ் ஏற்றும் பிளக் இல்லாத ஹைபிரிட் எஸ்யூவிகள் அதற்கு மேல் குடிப்பவை. அவை எல்லாம் சாதாரண வரிசைக்கு வந்துவிட்டன. இந்த ஒரு மாற்றத்தால் மட்டும் ஒரு வண்டிக்கு 3,250 டாலர் வரை கூடுதல்.

ஜிஎஸ்டி சேர்த்து 100,000 டாலர் மதிப்புள்ள ஹைபிரிட் எஸ்யூவியை எடுத்துக்கொள்ளுங்கள். சொகுசு வரி சுமார் 5,830 டாலர். அதையும் சேர்த்த விலைக்கு நியூ சவுத் வேல்ஸ் முத்திரைத் தீர்வை ஏறக்குறைய 4,400 டாலர். இரண்டையும் கூட்டினால் பத்தாயிரத்தைத் தாண்டிவிடுகிறது. பேட்டரி போனால் கட்ட வேண்டியிருக்குமோ என்று பயந்த அதே தொகையை, பேட்டரி போகாமலே, புது வண்டி எடுத்த அன்றே அரசாங்கத்துக்குக் கட்டிவிட்டு வருகிறீர்கள். முதல் வருடத்தில் வண்டியின் மதிப்பு இறங்குவதை நான் இதில் சேர்க்கவே இல்லை.

லீஸில் எடுத்தவர்களுக்கு இன்னொரு கணக்கு. ஐந்து வருட நோவேட்டட் லீஸ் முடியும்போது, வரி அலுவலகம் வகுத்திருக்கிற குறைந்தபட்ச மீதித் தொகை 28.13 சதவீதம். 80,000 டாலர் லீஸுக்குச் சுமார் 22,500 டாலர், அதோடு ஜிஎஸ்டி. "இவ்வளவு பெரிய தொகையா, புது லீஸே போட்டுவிடலாம்" என்று தோன்றும். லீஸ் கம்பெனிக்காரரும் அதைத்தான் சொல்வார், அவருக்கு அதுதான் வியாபாரம். அந்தத் தொகையைக் கட்டிவிட்டு, முதல் நாளிலிருந்து யார் ஓட்டியது, எப்படி ஓட்டியது என்று உங்களுக்கே தெரிந்த வண்டியை வைத்துக்கொள்வதுதான் புத்திசாலித்தனம். அதே பணத்துக்கு வெளியில் கிடைக்கிற வண்டியின் வரலாறு உங்களுக்குத் தெரியாது.

சரி, பேட்டரி போகவே போகாதா? போகும். ஆனால் நீங்கள் நினைக்கிற நேரத்திலும் இல்லை, நினைக்கிற காரணத்தாலும் இல்லை.

ஹைபிரிட் சொகுசு எஸ்யூவி நேற்று முளைத்த சமாச்சாரம் அல்ல. லெக்சஸ் ஆர்எக்ஸ் 400எச் 2005இல் உலகச் சந்தைக்கு வந்தது, ஆஸ்திரேலியாவுக்கு 2006இல். ஜப்பானில் அதன் பெயர் டொயோட்டா ஹாரியர் ஹைபிரிட். இலங்கையிலிருந்து வந்தவர்களுக்கு ஹாரியரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. 3.3 லிட்டர் வி6 எஞ்சின், அதனோடு மின் மோட்டார்கள், பின் சக்கரங்களுக்கென்று தனியாக ஒரு மோட்டார். முன்னிருந்து பின்னுக்கு புரொப்பெல்லர் ஷாஃப்ட் கிடையாது. பின் சீட்டுக்கு அடியில் 288 வோல்ட் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு பேட்டரி, மொத்தம் 240 செல்கள். 2011இல் டொயோட்டா இந்த வண்டிகளை ரீகால் செய்தபோது அதற்குக் காரணம் பேட்டரி இல்லை, இன்வெர்ட்டர் பலகையில் டிரான்சிஸ்டர்களின் சாலிடர் சரியில்லை என்பது. இருபது வயதை நெருங்கும் 400எச் இன்னும் நம் தெருக்களில் ஓடுகிறது. 2023இல் வந்த புது ஆர்எக்ஸின் பிளக் இல்லாத ஹைபிரிட்களிலும் அதே நிக்கல் வகை பேட்டரிதான்.

நீடிப்பதற்குக் காரணம் எளிது. போன் பேட்டரியை நாம் தினமும் முழுக்க நிரப்பி முழுக்கக் காலி செய்கிறோம். ஹைபிரிட் வண்டியின் கம்ப்யூட்டர் அதை அனுமதிப்பதில்லை. பெரும்பாலும் 40 முதல் 80 சதவீதத்துக்குள்ளேயே வைத்துப் புழங்குகிறது. டேஷ்போர்டில் "முழுசா ஏறிடுச்சு" என்று நீங்கள் பார்ப்பது, உண்மையில் முழுசு இல்லை.

அந்தப் பேட்டரிக்கு எமன் சூடு. சூட்டைத் தணிக்க ஒரு சின்ன விசிறி இருக்கிறது. அது வெளிக்காற்றை இழுப்பதில்லை, நீங்கள் உட்கார்ந்திருக்கிற கேபினுக்குள் ஏசி குளிராக்கி வைத்த காற்றைத்தான் இழுக்கிறது. ஆர்எக்ஸில் அந்தக் காற்று போகிற வாய் எங்கே இருக்கிறது தெரியுமா? பின் சீட்டின் முன்பக்கத்துக்குக் கீழே, உங்கள் பிள்ளைகளின் குதிகால் இடிக்கிற இடத்தில்.

ஒரு சனிக்கிழமை, பின் சீட்டை நகர்த்தி, டார்ச் அடித்துக் குனிந்து பாருங்கள். நான் பார்த்த வண்டிகளில், அந்தக் கம்பித் தட்டியின் மேல் முறுக்குத் தூள், கோயில் பொரி, கிரிக்கெட் மைதானத்துக் காய்ந்த புல், நாய் வளர்க்கிற வீடென்றால் நாய் முடி, எல்லாம் சேர்ந்து சாம்பல் நிறத்தில் கம்பளிபோல ஒட்டிக்கொண்டிருந்தது. ஒரு வீட்டில் பாட்டிக்காகப் போட்டு வைத்த போர்வை சரிந்து வாயை முழுக்க அடைத்திருந்தது. உள்ளே மெல்லிய ஃபில்டர் ஒன்று இருக்கும், கிளிப்பை அமுக்கினால் கழன்று வரும். மென்மையான பிரஷ்ஷால் தட்டி, வேக்குவம் போட்டு, திரும்ப மாட்டலாம். முற்றாக அடைத்துப் போயிருந்தால் புதிது வாங்குங்கள். பெரிய விலை இல்லை. ஜனவரியில் பென்ரித் பக்கம் 40 டிகிரிக்கு மேல் காய்கிற நாளில், வெயிலில் நின்ற வண்டியை எடுத்து, இந்த வாய் அடைத்த நிலையில் எம்4 நெடுஞ்சாலையில் ஓட்டினால் பேட்டரி எவ்வளவு சூடேறும் என்று யோசியுங்கள். பின் சீட்டிலிருந்து "உர்ர்" என்று விசிறிச் சத்தம் கேட்க ஆரம்பித்தால், அது சூடு தாங்காமல் போடும் சத்தம். ரேடியோவைக் கூட்டி வைத்துவிடாதீர்கள்.

சர்வீஸுக்குக் கொடுக்கும்போது "ஹைபிரிட் பேட்டரி ஏர் ஃபில்டர் பார்த்தீர்களா?" என்று வாய்விட்டுக் கேளுங்கள். பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். கேட்காவிட்டால் பல இடங்களில் பார்ப்பதில்லை.

எல்லாம் செய்தும் ஒரு நாள் எச்சரிக்கை விளக்கு எரிந்து, ஸ்கேனர் "பி0ஏ80" என்று காட்டினால், பேட்டரி தளர்ந்துவிட்டது என்று பொருள். அப்போது இரண்டு வழி சொல்வார்கள். கெட்டுப்போன செல் தொகுதியை மட்டும் மாற்றுவது ஒன்று. யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் பிரியஸ், அக்வா வண்டிகளுக்கு இதைச் செய்து பழகிய கைகள் நிறைய. ஊரிலிருந்து வந்திருக்கிற அப்பாவோ மாமாவோ "ரெண்டு செல்லை மாத்தினால் சரி" என்று சொல்வது அந்த அனுபவத்தில்தான். அங்கே புதுப் பேட்டரிக்குப் பணமும் இல்லை, இறக்குமதிக்கு வழியும் இல்லாத காலங்கள் இருந்தன. அது அந்த ஊருக்குச் சரி. இங்கே அதைச் செய்தால், ஒரே வயதுள்ள மற்றச் செல்களில் இன்னொன்று சில மாதத்தில் படுக்கும், பிறகு இன்னொன்று. ஒவ்வொரு தடவையும் கூலி. இங்கத்துக் கூலியில் அது கட்டாது. பத்து வருடத்துக்கு மேல் ஓடிய வண்டிக்கு முழுப் பேட்டரியாக மாற்றிவிடுவதே மேல்.

அதற்கு முன் வாரண்டிப் புத்தகத்தை எடுத்துப் படியுங்கள். ஐந்து வருட வாரண்டி முடிந்தால் எல்லாம் முடிந்தது என்றே நம்மவர்கள் நினைக்கிறார்கள். ஹைபிரிட் பேட்டரிக்குத் தனி வாரண்டி உண்டு. ஐரோப்பிய பிளக்-இன் வண்டிகளில் 8 வருடம் அல்லது 160,000 கிலோமீட்டர் என்பது வழக்கம். டொயோட்டாவில் வருடா வருடம் பேட்டரியைப் பரிசோதிக்கக் கொடுத்தால் 10 வருடம் வரை நீளும். ஒரு வருடம் கொடுக்காமல் விட்டால் நஷ்டம் உங்களுக்குத்தான். வாரண்டி முடிந்த பிறகும் ஆஸ்திரேலிய நுகர்வோர் சட்டம் இருக்கிறது. இவ்வளவு விலை கொடுத்த பொருள் நியாயமான காலம் உழைக்க வேண்டும் என்பது அதன் உத்தரவாதம். டீலர் கவுண்டரில் இருக்கும் பையன் கையை விரித்தால் உடனே திரும்பி வராதீர்கள்.

இப்போது உங்களை உண்மையில் நடுத்தெருவில் நிறுத்தப்போகிற பேட்டரிக்கு வருகிறேன். அது பெரியது இல்லை, சின்னது. 12 வோல்ட்.

ஹைபிரிட் வண்டியில் எஞ்சினைச் சுழற்ற அந்தச் சின்ன பேட்டரி தேவையில்லை. ஆனால் கம்ப்யூட்டர்களை எழுப்பவும், பெரிய பேட்டரியை இணைக்கிற ரிலேக்களை மூடவும் அதுதான் வேண்டும். சின்னது செத்தால், பெரியது நிறைந்திருந்தும் பயனில்லை. நாமோ டிசம்பரில் பள்ளி மூடியதும் சென்னைக்கோ யாழ்ப்பாணத்துக்கோ ஐந்து, ஆறு வாரம் போகிறவர்கள். அத்தனை நாளும் அலாரமும், ரிமோட் சாவிக்குக் காது கொடுக்கிற கருவியும், போன் ஆப்போடு பேசுகிற மோடமும் அந்தச் சின்ன பேட்டரியைச் சொட்டுச் சொட்டாக உறிஞ்சிக்கொண்டிருக்கும்.

ஜனவரி கடைசியில், இரவு பதினோரு மணிக்கு, நாலு பெட்டி, தூங்கி விழுகிற இரண்டு பிள்ளைகளோடு கார் அருகே வந்து நிற்கிறீர்கள். சாவியை அழுத்தினால் சத்தமில்லை. ரிமோட் சாவிக்குள்ளேயே ஒரு இரும்புச் சாவி ஒளிந்திருக்கிறது என்பது உங்கள் வீட்டில் எத்தனை பேருக்குத் தெரியும்? அதை வைத்து ஓட்டுநர் கதவைத் திறக்கலாம். பின் கதவு மின்சாரத்தில் திறப்பது, அது திறக்காது. சில மாடல்களில் சின்ன பேட்டரியே அந்தப் பின் கதவுக்கு உள்ளேதான் இருக்கிறது! அதனால்தான் பானெட்டுக்குக் கீழே ஃபியூஸ் பெட்டியில் ஜம்ப் ஸ்டார்ட்டுக்கென்று தனி முனை வைத்திருப்பார்கள். அது எங்கே என்பதை இன்றைக்கே பகல் வெளிச்சத்தில் பார்த்து வையுங்கள். உங்கள் ஹைபிரிட்டிலிருந்து வேறொருவர் வண்டிக்கு ஜம்ப் கொடுக்கலாமா என்பதைக் கையேட்டில் பார்த்துவிட்டுச் செய்யுங்கள். பல வண்டிகளில் கூடாது என்றே எழுதியிருக்கும்.

ஊருக்குப் போகும்முன், கராஜில் பிளக் இருந்தால், 12 வோல்ட் பேட்டரிக்கேற்ற டிரிக்கிள் சார்ஜர் மாட்டிவிட்டுப் போங்கள். இல்லையென்றால், நம்பிக்கையான ஒருவரிடம் சாவி கொடுத்து, வாரம் ஒரு தடவை "ரெடி" விளக்கு எரியும்படி ஸ்டார்ட் செய்து, அரை மணி, முக்கால் மணி ஓட்டச் சொல்லுங்கள். வெறுமனே பொத்தானை அழுத்தி ரேடியோ கேட்டால் அது சார்ஜ் ஏற்றாது, இருப்பதையும் குடிக்கும். நாலைந்து வயதான 12 வோல்ட் பேட்டரி என்றால், பயணத்துக்கு முன் மாற்றிவிடுவதே நல்லது.

வாங்கப் போகிறவர்கள் இதுவரை பொறுமையாகக் கேட்டிருக்கிறீர்கள். உங்களுக்கு ஒரே கேள்விதான்: வண்டி இரவில் எங்கே நிற்கும்?

சொந்த டிரைவ்வே, சுவரில் பிளக், கூரையில் சோலார் இருக்கிறதா? அப்படியானால் பிளக்-இன் வாங்குங்கள். வால்வோ எக்ஸ்சி90 டி8இன் 18.8 கிலோவாட் மணி பேட்டரி, சாதாரண 10 ஆம்ப் பிளக்கில் இரவோடு இரவாக ஏறிவிடும். பள்ளி, அலுவலகம், கோயில் எல்லாம் மின்சாரத்திலேயே முடியும். ஆனால் வெஸ்ட்மீட்டில் அடுக்குமாடியில் குடியிருந்து, கீழ்த்தள பார்க்கிங்கில் பிளக் இல்லாமல் பிளக்-இன் வாங்குகிறவர்களை என்ன சொல்வது? காலி பேட்டரியையும் சேர்த்துச் சுமக்கிற, கனமான பெட்ரோல் வண்டி அது. ஐரோப்பிய ஆணையம் 2021இல் பதிவான வண்டிகளின் உண்மையான எரிபொருள் பதிவுகளைத் திரட்டி, 2024இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. பிளக்-இன் ஹைபிரிட்கள் ஆய்வகக் கணக்கைப் போல் மூன்றரை மடங்கு கார்பன் டை ஆக்சைடு வெளியிடுகின்றன என்பது அதன் முடிவு. வண்டியின் குற்றம் மட்டுமில்லை, பலர் பிளக்கே போடுவதில்லை. நியூ சவுத் வேல்ஸில் அடுக்குமாடிகளுக்கான ஸ்ட்ராட்டா சட்டம் 2021இல் தளர்ந்திருக்கிறது. சார்ஜர் போன்ற வசதிக்கான தீர்மானத்தை, விழுகிற வாக்குகளில் பாதியாவது எதிராக இருந்தால்தான் தோற்கடிக்க முடியும். கூட்டத்துக்குப் போய்க் கேளுங்கள். அது கிடைக்கும்வரை சாதாரண ஹைபிரிட்தான் உங்களுக்கு.

பிளக்-இன் வாங்கினால் எஃப்பிடி (சம்பளத்தோடு கிடைக்கிற சலுகைகளுக்கான வரி) விலக்கு உண்டு என்று லீஸ் வாங்கச் சொல்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். புது லீஸ்களுக்கு அது 2025 ஏப்ரல் 1ஆம் தேதியோடு போய்விட்டது. விக்டோரியாவில் பிளக்-இன் வண்டிகளுக்குக் கிலோமீட்டர் கணக்கில் வசூலித்துவந்த கட்டணத்தை, அது மாநிலத்தின் அதிகாரத்துக்குள் வராது என்று உயர் நீதிமன்றம் 2023 அக்டோபரில் செல்லாததாக்கியது. வேறு வடிவில் அது திரும்பி வராது என்று யாரும் உறுதி தரவில்லை. இன்னொன்று: தினமும் மின்சாரத்திலேயே ஓட்டுகிறவர்கள் டாங்கில் பெட்ரோலை மாதக்கணக்கில் தேங்க விடாதீர்கள். பழைய பெட்ரோல் கெடும். கொஞ்சமாகப் போட்டு, அவ்வப்போது எஞ்சினையும் ஓட விடுங்கள்.

பிளக் இல்லாத ஹைபிரிட் சம்பாதிக்கிற இடம் நெரிசல். காலையில் பாரமாட்டா ரோட்டில் நின்று நின்று போகிறவருக்கும், ஸ்பிரிங்வேல் ரோட்டில் சிக்னலுக்குச் சிக்னல் நிற்கிறவருக்கும் அது மிச்சம் பிடித்துக் கொடுக்கும். மெல்போர்னிலிருந்து சிட்னிக்கு ஹியூம் ஹைவேயில் 110இல் ஓட்டினால் பெரிய லாபம் எதிர்பார்க்காதீர்கள். மெல்போர்ன் குளிர்காலக் காலையில், ஹீட்டரைக் கூட்டியதும் எஞ்சின் ஓடத் தொடங்குவதைக் கவனித்திருப்பீர்கள். பல ஹைபிரிட்களில் கேபினுக்குச் சூடு எஞ்சினிலிருந்துதான் வருகிறது. பள்ளிவரை போகிற இரண்டு கிலோமீட்டருக்கு சீட் ஹீட்டர் போதும். இப்படிக் குட்டிக் குட்டிப் பயணமாகவே ஓட்டினால் எஞ்சின் ஆயில் சூடேறாமலே ஈரம் கோத்துக் கெடும். ஆகவே கிலோமீட்டர் ஆகவில்லை என்று ஆயில் மாற்றத்தைத் தள்ளாதீர்கள், மாதக் கணக்கைப் பாருங்கள்.

பிரேக் பேட் நெடுநாள் வரும், ஏனென்றால் பாதி வேலையை மோட்டார் பார்க்கிறது. ஆனால் பயன்படாத டிஸ்க்கில் துரு பிடிக்கும், காலிப்பர் பின்கள் இறுகும். பிரேக் ஆயிலுக்கு வயது வருடக் கணக்கில்தான். இன்வெர்ட்டருக்கென்று தனி கூலன்ட் டப்பா இருக்கிறது. எஞ்சின் கூலன்ட்டோடு அதைக் குழப்பக் கூடாது. நீல மலையிலிருந்து இறங்கும்போதோ, ஹெலன்ஸ்பர்க் கோயிலுக்குப் போய்விட்டு அப்படியே புல்லி பாஸில் இறங்கும்போதோ, சிறிது தூரத்திலேயே பேட்டரி நிறைந்துவிடும். அதன் பிறகு மோட்டாரால் பிடித்து நிறுத்த முடியாது. பல ஹைபிரிட்களில் "பி" நிலை என்று ஒன்று கொடுத்திருப்பது எஞ்சினைக் கொண்டு பிடிப்பதற்குத்தான். அதே "பி" என்ற பெயருள்ள நிலையில் சில வால்வோ பிளக்-இன் வண்டிகள் நீண்ட இறக்கத்தில் பிரேக் இழக்கலாம் என்று 2025இல் அமெரிக்காவில் ரீகால் வந்தது. கோளாறு மென்பொருளில். வண்டி "அப்டேட் இருக்கிறது" என்று சொன்னால் ஒத்திப்போடாதீர்கள். ஆஸ்திரேலிய அரசின் ரீகால் தளத்தில் உங்கள் மாடலை வருடத்துக்கு இரண்டு முறையாவது தேடிப் பாருங்கள்.

சொகுசுக்கு நீங்கள் கொடுக்கிற விலை பேட்டரியில் இல்லை, மற்ற இடங்களில் இருக்கிறது. 21 அங்குல டயர் வாங்கும் நாளில் அது தெரியும். பக்கத்து டயர் கடையில் அந்த அளவு இருக்காது, வரவழைக்க வேண்டும். அழகுக்காகப் பெரிய சக்கரம் உள்ள ரகத்தை எடுக்காமல், கீழ் ரகத்தின் சின்னச் சக்கரத்தோடு எடுத்தால் பத்து வருடத்தில் நல்ல மிச்சம். பெட்ரோல் மூடியின் உட்புறம் 95 என்று எழுதியிருந்தால் 95தான், இ10 இல்லை. அதற்கும் நியூ சவுத் வேல்ஸில் ஃபியூயல்செக் ஆப்பில் விலை பார்த்துப் போட்டால், விலை ஏறி இறங்குகிற சுற்றில் அடிமட்டத்தில் பிடிக்கலாம். கண்ணாடிக் கூரை இருக்கிறதே, அதன் மூலைகளில் தண்ணீர் வடிய மெல்லிய குழாய்கள் உண்டு. நவம்பரில் ஜகரண்டாப் பூவும், வருடம் முழுக்க யூகலிப்டஸ் இலையும் விழுந்து அவற்றை அடைக்கும். மழை பெய்தால் தண்ணீர் உள்ளே இறங்கி, கார்ப்பெட்டுக்கு அடியில் மின்கருவிகள் இருக்கிற இடத்தில் தேங்கும். மரத்தடியில் நிறுத்துகிறவர்கள் மாதம் ஒரு தடவை துணியால் துடைத்துவிடுங்கள். மெல்போர்ன்காரர்களுக்கு மட்டும் ஒன்று: சாவியே இல்லாமல் கருவி வைத்துப் புதுச் சாவி உருவாக்கி வண்டி திருடுகிறார்கள். பார்க்க அசிங்கமாக இருந்தாலும், பழைய பாணி ஸ்டீயரிங் பூட்டு ஒன்று போடுங்கள்.

சர்வீஸை டீலரிடம்தான் செய்ய வேண்டும், இல்லையென்றால் வாரண்டி போய்விடும் என்பதும் பார்பெக்யூ அடுப்பைச் சுற்றிப் பிறந்த கதைதான். தகுதியுள்ள வெளி மெக்கானிக்கிடம், கம்பெனி சொன்ன முறையில் செய்யலாம். 2022 ஜூலை 1 முதல், பழுதுபார்க்கும் தகவல்களைக் கம்பெனிகள் வெளி மெக்கானிக்குகளுக்கும் விற்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. ஆனால் உயர் மின்னழுத்தப் பகுதி பற்றிய தகவல் அதற்கான பயிற்சி முடித்தவருக்கு மட்டும்தான். அதுவும் நியாயமே. ஆரஞ்சு நிற உறை போட்ட வயர் எதையும், "எனக்கு எல்லாம் தெரியும்ணா" என்று வீட்டு கராஜில் வேலை பார்க்கிற தம்பியைத் தொட விடாதீர்கள். ஆளைக் கொல்லும் அழுத்தம் அது.

சிட்னியில் ஐந்து வயதைத் தாண்டிய வண்டிக்கு வருடா வருடம் பிங்க் ஸ்லிப் என்ற பாதுகாப்புப் பரிசோதனைச் சான்று வேண்டும். ஒரு மெக்கானிக் அடிப்பக்கம் பார்க்கவாவது செய்வார், ஆனால் ஹைபிரிட் பேட்டரியைப் பார்க்க மாட்டார். மெல்போர்னில் வண்டியை விற்கும்போதுதான் ரோட்வொர்த்தி சான்றிதழ். அதுவரை யாரும் கேட்பதில்லை. ஆகவே அங்கே இருப்பவர்கள் வருடத்துக்கு ஒரு தடவை தாங்களாகவே காட்டிக்கொள்ள வேண்டும்.

நிரந்தரமாக ஊர் திரும்புகிறீர்கள், விற்றே ஆக வேண்டும் என்றால், டீலரிடம் போவதற்கு முன் இங்கே புதிதாக வந்திருக்கிற ஓர் இளம் குடும்பத்தைக் கேளுங்கள். டீலர் கொடுப்பதைவிடக் கூட அவர்கள் கொடுப்பார்கள், டீலர் விற்பதைவிடக் குறைவாக அவர்களுக்குக் கிடைக்கும். சர்வீஸ் பில்கள், பேட்டரிப் பரிசோதனைச் சீட்டு, 12 வோல்ட் பேட்டரி மாற்றிய தேதி, காற்று ஃபில்டர் சுத்தம் செய்த மாதம் எல்லாவற்றையும் ஒரு கோப்பில் போட்டுக் கொடுங்கள். வாங்குகிறவர்கள், தெரிந்தவர்தானே என்று கூச்சப்படாமல், 2 டாலர் கட்டி, வண்டி மேல் கடன் இருக்கிறதா என்று காட்டும் பிபிஎஸ்ஆர் பதிவேட்டைப் பார்த்து, கடன் பாக்கி இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். இரவு முழுக்க நின்று குளிர்ந்த வண்டியைக் காலையில் நீங்களே ஸ்டார்ட் செய்யுங்கள். ஹைபிரிட் தெரிந்த மெக்கானிக்கிடம் ஸ்கேனர் மாட்டி, செல் தொகுதிகளின் வோல்ட் ஒன்றுக்கொன்று எவ்வளவு வேறுபடுகிறது என்று காட்டச் சொல்லுங்கள். ஒன்று மட்டும் தனியாகக் கீழே இறங்கி நின்றால், விலையைக் குறைத்துக் கேளுங்கள், அல்லது வேறு வண்டி பாருங்கள்.

இப்படிக்கு,
டூங்காபியிலிருந்து, பழைய ஆர்எக்ஸ் ஒன்றை இன்னும் விற்காத உங்களில் ஒருவன்